ஏகமனதாக இறங்கிய மலை

பிரம்மநாயகத்துக்கு உட்கார வராது. சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவார். ஜன்னலுக்குப் போனால் வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். குர்லாவில் அவர் வேலை பார்த்த போல்ட் பட்டறையில் நாள் பூராவும் நின்றுகொண்டே செய்கிற வேலை. அதனால் அங்கே அவருக்கு நல்ல பெயர். தாராவி வீட்டிலோ நாலு எட்டு வைத்தால் எதிர்ச் சுவர். "சித்த நேரம் ஒரு எடத்துல இரிங்களேன், உங்களப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு சுத்துது" என்று கோமதியம்மாள் கத்துவாள். அவளும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள்?

இந்த வியாதிக்கு மனுஷன் தானாகவே ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தார். விழுவது. வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொள்வதைச் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முறைப்படி விழுவது. மாஹிம் தர்கா உரூஸ், பாந்த்ரா மாதா கோயில் திருவிழா, இன்னும் எங்கெல்லாம் ராட்டினம் சுற்றுகிறதோ அங்கெல்லாம் குழந்தைகளுக்கு நடுவில் வரிசையில் நிற்பார். ராட்டினம் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது வயிறு மட்டும் மேலேயே தங்கி, உடம்பு தனியாகக் கீழே வருமே, அந்த ஒரு நொடிதான் அவருக்குக் கணக்கு. உள்ளே சதா ஓடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று அந்த நொடியில் நின்றுவிடும். கோயிலில்கூட நிற்காத மனசு அங்கே நின்றது. இதை மனைவியிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "அதுக்குப் பேரு பித்தம். இஞ்சி தட்டிப் போட்டுத் தாரேன், குடிங்க" என்றாள்.

அவளுக்கு வேறு சங்கடம் இருந்தது. குழாயடியில் பெண்கள், "ஒங்க வீட்டுக்காரர் நேத்து பாந்த்ராவுல குதிரை ராட்டினத்துல போனாராமே, குதிரைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று விசாரிப்பார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிடுவாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம், தீபாவளி கழிந்த சமயம். செம்பூர் மைதானத்தில் லாரி லாரியாகக் கம்பி வந்து இறங்குகிறது என்று பட்டறையில் பேச்சு அடிபட்டது. பிரம்மநாயகம் அன்று சாயங்காலமே போய் நின்றார். கம்பிகளுக்கு நடுவில் கட்டம் போட்ட லுங்கியோடு ஒருவர் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். கடையநல்லூர் நாகூர் கனி. பினாங்கில் பல வருஷம் கண்காட்சி நடத்தி, அங்கே வாங்கிய சாமானோடு கப்பலேறி வந்தவர்.

"இது என்ன ராட்டினம், பாய்?"

"ராட்டினமா? இது ரோலர் கோஸ்டர் அண்ணாச்சி. நம்ம ஆளுக்குச் சொல்லணும்னா மலை ரயிலு. பனை உயரத்துக்கு இழுத்துட்டுப் போயி அப்படியே விட்டுரும். மூணு மூச்சு நேரம் நீங்க உங்க கையில இல்ல."

மூன்று மூச்சு! ஒரு நொடிக்காக ஊர் ஊராக அலைந்தவரிடம் போய் மூன்று மூச்சு என்றால் என்ன ஆவார்? பிரம்மநாயகம் கம்பிகளைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "எப்போ ஓட்டுவீய?" என்றார்.

"நாளைக்கே ஒத்திகை. மொதல்ல நீங்கதான் ஏறுதீய, போதுமா? ஆனா ஒண்ணு, இந்த சீசனுக்கு மைதானம் மாட்டுங்கா சபாக்காரங்க கையில. அவங்க ஆதரவுலதான் நடத்தணும்."

"அதுக்கென்ன, நல்ல மனுசங்கதான?"

"நல்ல மனுசங்கதான் அண்ணாச்சி" என்றார் நாகூர் கனி. "அதான் பயமா இருக்கு."

மறுநாள் பிரம்மநாயகம் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினார். ஏறுகிற இடத்தில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு முன்னால் சபாச் செயலாளர் வெங்கடேஸ்வரன், வெயிலுக்குக் குடையோடு நின்றிருந்தார். "தலைவர் ஏறாம ஒருத்தரும் ஏறப்படாது. தலைவர் நல்ல நாள் பார்த்துண்டிருக்கார்" என்றார்.

இங்கே சபாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அகில பம்பாய் தென்னிந்தியக் கேளிக்கை ரசிகர் சபா என்பது அதன் முழுப் பெயர். பெயரில் கேளிக்கை என்று பொதுவாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த கேளிக்கை ஒன்றே ஒன்று: கச்சேரி. எதை நடத்தினாலும் கச்சேரியாகவே நடத்துவார்கள். ஒரு வருஷம் நாய்க் கண்காட்சி வைத்தார்கள். நாய்களுக்குக் கடவுள் வாழ்த்து பாடி, நாய்களின் சிறப்பைப் பற்றி மூன்று பேர் பேசி, ஜெயித்த நாய்க்குப் பொன்னாடை போர்த்தி, நன்றியுரை சொல்லி முடிப்பதற்குள் பாதி நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டன. விழா இனிதே நிறைவுற்றதாக ஆண்டறிக்கையில் கண்டிருக்கிறது.

நல்ல நாள் வந்தது. மலைக்கு முன்னால் பந்தல், பந்தலில் மேடை, மேடைக்கு எதிரே புரவலர்களுக்கு சோபா. சபாத் தலைவர் சந்திரமௌலி, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மைக்கைப் பிடித்தார்.

"நான் ஜீவிதம் பூரா ரயில்வேல இருந்தவனாக்கும். என் காலத்துல வேகத்தால ஒரு விபத்து கிடையாது. ஏன்? வேகம்னு ஒண்ணை நான் அனுமதிச்சதே இல்லை. ஒரு வண்டி சரியான நேரத்துக்கு வந்துதுன்னா உடனே விசாரணை வெப்பேன். யார் அவசரப்படுத்தினா, எதுக்காக அவசரப்படுத்தினான்னு! அந்த அனுபவத்தோடதான் இந்த வண்டியிலயும் ஏறப் போறேன்."

கைதட்டல். பிரம்மநாயகம் கயிற்றோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். இதோ, தலைவர் ஏறுவார், ஒரு சுற்று சுற்றுவார், அப்புறம் நாம்தான். தலைவரும் முன் பெட்டியில் வலது காலை வைத்தார். நாகூர் கனி மடிக்கு மேலே இரும்புக் கம்பியைத் தாழ்த்திப் பூட்டப் போனார்.

"இது எதுக்கு?" என்று சோபாவிலிருந்து ஒரு குரல். மகளிர் பிரிவு விசாலாக்ஷி அம்மாள்.

"இது போட்டாத்தான் பத்திரம்மா. வண்டி நிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்க முடியாது."

"நடுவுல எழுந்து போகணும்னா?"

"நடுவுல எந்திரிக்கக் கூடாதும்மா."

சோபாவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான். கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விட்டதும் சபா உறுப்பினர்கள் ஒரே ஆளாக எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். காபி, போண்டா, மகளுக்கு வந்த ஜாதகம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மங்களத்துக்குத்தான் திரும்புவார்கள். மனிதர்களுடைய முதுகை மட்டுமே பார்த்து வாசித்து நரைத்துப்போன மிருதங்க வித்வான்கள் பம்பாயில் உண்டு. சபாவில் எந்த விதியை மாற்றினாலும் மாற்றுவார்கள், நடுவில் எழுந்து போகிற உரிமையில் ஒருவரும் கை வைக்க முடியாது.

"பிரம்மாவே வந்து பாடினாலும் நாங்க நடுவுலதான் எழுந்து போவோம்" என்றார் வெங்கடேஸ்வரன், நெஞ்சில் கைவைத்து. "ஒரு இரும்புக் கம்பி எங்களை உக்கார வெச்சுடுமோ?"

தலைவர் வலது காலை வெளியே எடுத்துவிட்டார். திறப்பு விழா ஒத்திவைக்கப்பட்டது. உயர நிர்ணயத் துணைக்குழு என்று ஒன்று அங்கேயே உதயமாயிற்று. குழுவில் ஒரு நிபுணரும் ஒரு பொதுஜனமும் இருக்க வேண்டும் என்பது விதி. "இங்க பொதுஜனம் யாரு?" என்று செயலாளர் சுற்றிப் பார்த்துக் கேட்டார். நாகூர் கனி பிரம்மநாயகத்தை முன்னால் தள்ளி, "இவுக பம்பாயில ஏறாத ராட்டினம் இல்லங்க" என்றார். இரண்டு பதவிக்கும் ஒரே ஆள் கிடைத்ததில் சபாவுக்கு ஒரு காபி மிச்சம்.

பிரம்மநாயகம் சந்தோஷத்தில் அன்றிரவு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தே கால் ஓய்ந்தார். "எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி மலையக் காப்பாத்திப்புடுவேன், பாத்துக்க" என்றார். மாட்டுங்காப் பெரிய மனிதர்கள் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றதும் கோமதியம்மாள் பித்தம் என்ற பேச்சையே எடுக்காமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

முதல் கூட்டம். மெத்தை வைத்த நாற்காலி, வெள்ளி டம்ளரில் காபி, "பிரம்மநாயகம் அவர்களே, இப்படி வாங்கோ." பிறந்ததிலிருந்து அவரை யாரும் 'அவர்கள்' என்று சொன்னதில்லை. கொஞ்சம் கிறுகிறுத்தது என்பதை மறைப்பானேன்?

"உறுப்பினர் நடுவுல எறங்கணும்னா பனை உயரம் சரிப்படாது" என்றார் விசாலாக்ஷி அம்மாள். "முருங்கை உயரம்னா ஏணி வெச்சு எறங்கிக்கலாம்."

"முருங்கை உயரத்தை ஆதரிக்கறவா?" என்றார் தலைவர்.

பிரம்மநாயகத்துக்குப் பகீர் என்றது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பேச அனுமதி கேட்கிற பழக்கத்தில் கையைத் தூக்கினார். "அய்யா, நான் ஒண்ணு சொல்லுதேன்..."

"பேஷ்! நிபுணர்தான் முதல்ல கை தூக்கினார். ஏகமனதா நிறைவேறித்து!" எல்லோரும் தட்டினார்கள். இன்னொரு காபி வந்தது.

மறுநாள் பட்டறை விட்டுச் செம்பூருக்குப் போனபோது மலையின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிரம்மநாயகம் கம்பிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் கூட்டத்தில் கையைத் தூக்குவதே இல்லை என்று முடிவுசெய்துகொண்டார்.

இரண்டாம் கூட்டத்தில் திசைப் பிரச்சினை வந்தது. இறக்கம் தெற்கே பார்த்திருந்தது. தெற்கு யமன் திசை. மேற்கே திருப்பினால் அஸ்தமனம். கிழக்கே திருப்பினால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். வடக்கே திருப்பலாமே என்று நாகூர் கனி சொல்லியனுப்பியிருந்தார். "வடக்கே குபேரன் இருக்கார். அவரைப் பார்க்க நாம கீழ எறங்கிப் போறதா?" என்று செயலாளர் கேட்டதும் வடக்கும் தள்ளுபடியாயிற்று. நாலு திசையும் ஆகாத பட்சத்தில் இறக்கத்தையே குறைப்பது என்று வந்தது.

தலைவர் எழுந்தார். "சீனாக்காரன் வந்துட்டுப் போய் ஒரு வருஷம்தான் ஆறது. தேசம் இன்னும் நெருக்கடியில இருக்காக்கும். தங்கத்துக்கே கட்டுப்பாடு வந்தாச்சு, உயரத்துக்கு வரப்படாதோ? எல்லையில ஜவான் பனியில நிக்கறான். நாம இங்க முருங்கை உயரத்துல சொகுசா ஏறி எறங்கறதா? அதனால வாழை உயரம் போறும்னு நினைக்கறேன். எதிர்ப்பு இருக்கறவா கை தூக்கலாம்."

பிரம்மநாயகம் கைகளைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் இறுக்கி உட்கார்ந்திருந்தார். கேள்வி மாறிவிட்டது என்று மண்டையில் ஏறி, கையை உருவுவதற்குள் தலைவர் நாலு புறமும் பார்த்துவிட்டார். "எதிர்ப்பே இல்லை. ஏகமனது!"

"அண்ணாச்சி" என்றார் நாகூர் கனி, வாழை உயரத்தில் நின்ற மலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "நீங்க ஒவ்வொரு கூட்டத்துக்குப் போயிட்டு வரும்போதும் ஒரு மரம் சாயுது. போவாம இருந்தா என்ன?"

"நான் போவலன்னா இன்னும் கேடா செஞ்சுப்புடுவாங்க, பாய்."

இப்படித்தான் உலகத்தில் எல்லாக் குழுக்களிலும் எல்லா நல்லவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாம் கூட்டத்துக்கு அவர் போருக்குப் போகிற மாதிரி போனார். கையைப் பற்றிய யோசனையே இல்லை. தலைவர் வாயைத் திறக்குமுன் எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யா, அந்த வண்டியே விழுறதுக்குத்தான். மேல போயி விட்டா மூணு மூச்சு. அந்த மூணு மூச்சுல உள்ளுக்குள்ள எல்லாம் நின்னு போவும். எனக்கு ராத்திரி ஒறக்கம் கெடையாது, இருந்தா இருப்பு கொள்ளாது, இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து ஒரு ஓட்டம் ஓடிக்கிட்டே இருக்கு உள்ள. அது நிக்கணும் அய்யா. ஒரே ஒரு தடவ நிக்கணும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விசாலாக்ஷி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் மெல்ல எழுந்து வந்து பிரம்மநாயகத்தின் தோளில் கை வைத்தார்.

"கேட்டேளா? பம்பாய் ராட்டினம் எல்லாம் ஏறின மனுஷன் எழுந்து நின்னு, கண்ணீர் விட்டுச் சொல்றார். மூணே மூச்சு, உள்ளே எல்லாம் நின்னு போயிடும்கறார்! ராத்திரி தூக்கமே போயிடுத்தாம்! ஏறி ஏறி இந்தப் பாடு பட்டிருக்கார். நாம இன்னும் வாழை உயரத்துல பிடிவாதமா இருக்கோமே, இதுக்குமேல நமக்கு யார் எச்சரிக்கை பண்ணணும்?"

"துளசி மாட உயரம்" என்றார் செயலாளர் தழுதழுத்த குரலில்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரம்மநாயகம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அதுவும் கணக்கில் சேர்ந்தது.

துளசி மாட உயரத்தில் மலை ரயில் திறந்துவைக்கப்பட்டது. தலைவர் ஏறினார். வண்டி ஒரு மேட்டில் ஏறி, நடுவில் கேன்டீன் அருகே நின்றது. உறுப்பினர்கள் இறங்கிக் காபி குடித்தார்கள். பிறகு ஏறி, மறுபக்கம் இறங்கினார்கள். இறங்கிய தலைவருக்கு அஞ்சா நெஞ்சர் என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். புரவலர்கள், ஆயுள் உறுப்பினர்கள், அவர்களுடைய மாப்பிள்ளைகள் என்று முறை வைத்து ஏறியதில் பொதுஜனத்தின் முறை வரவே இல்லை. வந்திருந்தாலும் பிரம்மநாயகம் ஏறியிருக்க மாட்டார். கழற்றிப் போட்ட கம்பிக் குவியலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

சீசன் முடிந்து சாமானை லாரியில் ஏற்றும்போது நாகூர் கனி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்து தாணே. அங்க இந்த சபா கெடையாது. முழு மலையும் மாட்டுதேன், அப்படியே பனை உயரம். பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழம வாங்க. உங்களுக்கு இல்லாம யாருக்கு?"

அந்த ஞாயிறு வரைக்கும் அவர் பட்ட பாடு இருக்கிறதே! பட்டறையில் ஒரே போல்ட்டுக்கு இரண்டு தரம் மரை போட்டு வைத்தார். போகிற அன்று கோமதியம்மாள், "நானும் வாரேன். அப்படி என்னதான் இருக்குன்னு ஒருநாள் பாத்துப்புடுதேன்" என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வண்டியில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தாணே வரைக்கும் கதவருகே நின்றபடியே வந்தார்.

மைதானம் தெரிகிற தெருவுக்குள் திரும்பியதும் அண்ணாந்து பார்த்தார். கூடாரம் தெரிந்தது. கொடி தெரிந்தது. கூடாரத்துக்கு மேலே வானம்தான் தெரிந்தது. இன்னும் கிட்டப் போனால் தெரியும் என்று வேகமாக நடந்தார். கோமதியம்மாள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

நுழைவாயிலில் பெரிய பலகை. கோமதியம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நடுவில் பெரிய எழுத்தில் இருந்ததைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "பி...ரம்...ம... ஏங்க, உங்க பேரு மாதிரில்லா இருக்கு!"

அவர் பேர்தான். 'தாணே தமிழ் நலச் சங்கம் வழங்கும் மலை ரயில். பம்பாய் நிபுணர் பிரம்மநாயகம் அவர்கள் நிர்ணயித்த பாதுகாப்பான உயரம்.' பலகைக்குப் பின்னால், துளசி மாட உயரத்தில், மலை.

நாகூர் கனி வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மாட்டுங்காத் தீர்மானத்த எல்லாச் சங்கத்துக்கும் அனுப்பிட்டாங்களாம். நிபுணர் சொன்ன உயரத்துக்கு மேல ஒரு விரக்கடை வச்சாலும் பர்மிஷன் இல்லைன்னுட்டாங்க. இங்க இதுக்குப் பேரே பிரம்மநாயகம் உயரம்."

அதற்குள் சங்கச் செயலாளர் மாலையோடு ஓடி வந்தார். "நிபுணரே நேரில் வந்திருக்கிறார்!" என்று மைக்கில் முழங்கினார். அம்மாவுக்கு முன் வரிசை சோபா. ஐயாவுக்கு மேடை. உயரத்தைப் பற்றி ஐயா இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

பிரம்மநாயகம் மைக்குக்கு முன்னால் நின்றார். கையைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குறுக்கே பேச சந்திரமௌலியோ வெங்கடேஸ்வரனோ இல்லை. இது அத்தனையும் பொய், மலையைப் பனை உயரத்துக்கு மாட்டு, ஒரே ஒரு தடவை என்னை விழ விடு என்று கத்திவிடலாம். ஓரமாக நின்ற நாகூர் கனிகூட, கத்தினால் ஸ்பானரை எடுத்து முழு மலையையும் மாட்டத் தொடங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்மநாயகம் மூச்சை இழுத்தார்.

எதிரே சோபாவில் கோமதியம்மாள் இருந்தாள். சோபாவில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் நுனியில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் பலகையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படிப் பூரித்து அவர் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் பிரம்மநாயகம். "உயரம்... சரியாத்தான் இருக்கு."

கோமதியம்மாள்தான் முதலில் கை தட்டினாள்.